சராசரிக்கு அப்பால்: அல்லாடி முதல் அம்பரப்பர் மலை வரை

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தின் அம்பரப்பர் மலையைப் பற்றி ஆதரவாகவும் எதிர்ப்பாகவும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. அம்மலை அறிவியலாரின் கண்ணில் பட்டதற்குப் பின்னே, ஒழுங்கற்றதைக் கணக்கிட முயன்றோரின் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் முக்கிய அத்தியாயம் ஒன்று சென்னையைச் சேர்ந்த ஒருவரால் எழுதப்பட்டது என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். 'ராண்டம்' என்பதைத் தமிழகப் பாடநூல்கள் 'சமவாய்ப்பு' என்கின்றன. ஈழத்துப் பாடநூல்கள் 'எழுமாற்று' என்கின்றன. முன்னது எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு இருப்பதான மயக்கத்தைத் தருகிறது. இயற்கையின் தற்செயல்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையல்ல. அவற்றில் சார்பு உண்டு, உறவு உண்டு. நாம் சொல்லவரும் வரலாறு அந்த உறவைக் கணக்கில் கொண்டுவந்ததைப் பற்றியது.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதித் துகள்மழையாகப் பெருகுகின்றன. ஓர் எலக்ட்ரான் ஒளித்துகளை உமிழ்கிறது. ஒளித்துகள் எலக்ட்ரான், பாசிட்ரான் என்னும் இணையாகப் பிரிகிறது. அவை மேலும் ஒளித்துகள்களை உமிழ்கின்றன. 1937இல் ஹோமி பாபாவும் வால்டர் ஹைட்லரும் இப்பெருக்கத்தின் சராசரியைக் கணக்கிட்டனர். அதே ஆண்டில் கார்ல்சனும் ஓப்பன்ஹைமரும் தனியே அதைச் செய்தனர். ஆனால் எந்த மழையும் சராசரியாகப் பெய்வதில்லை. துகள்கள் ஒன்றையொன்று சாராமல் பிறந்திருந்தால், பழைய பாய்சான் விதியைக் கொண்டே ஏற்ற இறக்கத்தை அளந்துவிடலாம். அவையோ ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள். முதல் மோதல் சற்று முந்தினாலோ பிந்தினாலோ குலம் முழுவதன் கணக்கும் மாறிவிடும்.

இச்சிக்கலைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் அல்லாடி ராமகிருஷ்ணன் (1923–2008). அரசியல் நிர்ணய சபை உறுப்பினராயிருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன், சட்டம் பயின்றவர், 1947இல் பாபாவிடம் ஆய்வுக்குச் சென்றார். பின்னர் மான்செஸ்டரில் பயின்றபோது, 1950இல், 'பெருக்க அடர்த்தி' என்னும் கருத்தை வெளியிட்டார். ஒரு சிறு ஆற்றல் இடைவெளியில் ஒரு துகள் இருப்பதன் நிகழ்தகவைச் சொன்னால் சராசரி கிடைக்கும். இரண்டு இடைவெளிகளில் ஒரே சமயத்தில் துகள்கள் இருப்பதன் நிகழ்தகவைச் சொன்னால் அவற்றின் உறவும், அதன் வழியே விலக்கமும் கிடைக்கும். ஒழுங்கின்மையை அறிய உறுப்புகளைத் தனித்தனியே எண்ணினால் போதாது, இணை இணையாக நோக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

நாடு திரும்பிய அவர், மயிலாப்பூரில் தம் 'ஏகாம்ர நிவாஸ்' இல்லத்திலேயே ஆய்வரங்கு நடத்தினார். 1960இல் நீல்ஸ் போர் அங்கு வந்து வியந்தார். அமைச்சர் சி.சுப்பிரமணியத்தின் துணையுடன் 1962 ஜனவரி 3 அன்று சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. பின்னாளில் பொட்டிபுரம் திட்டத்தில் பங்கேற்ற நிறுவனங்களுள் அதுவும் ஒன்று.

மலை எதற்கு? துகள்மழையில் பிறக்கும் பையான் சிதையும்போது மியூவானும் நியூட்ரினோவும் ஒருங்கே தோன்றுகின்றன. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. இந்த இரைச்சலில் நியூட்ரினோவின் அரிய தடம் மறைந்துபோகும். ஆகவே பாறை தேவை. கோலார் தங்கவயலின் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டன. அவ்வாய்வு நின்றபின் வேறிடம் தேடினர். நீலகிரியின் சிங்காரா, யானைகளின் வழித்தடம் கருதி 2009இல் கைவிடப்பட்டது. அடுத்துத் தேர்வானது பொட்டிபுரம். ஒரு கிலோமீட்டருக்கும் மிகுந்த சார்னக்கைட் பாறை, மியூவான்களைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். உள்ளே ஏறத்தாழ ஐம்பதாயிரம் டன் காந்த இரும்பு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. வழக்குகள் தொடர்ந்தன. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது தீர்ப்பாயத்தில் பெரும் கேள்வியானது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. நியூட்ரினோ நிறைகளின் வரிசை என்னும் அதே கேள்வியுடன் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு திரட்டத் தொடங்கியது.

இவ்விழப்பு சிறிதன்று. ஆயினும் ஊரார் கேட்டதையும் நாம் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். கதிரியக்கம் இல்லை, வெடி அதிர்வு சொற்பம், நீர்த்தேவை குறைவு என விடைகள் தனித்தனியே வந்தன. ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கலாம். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் 1895இல் கட்டப்பட்ட ஓர் அணையை நம்பியிருக்கிறது. இம்மண்ணில் அணை, பாறை, ஊற்று, மேய்ச்சல் யாவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அங்குள்ளோர் அவற்றை இணைத்தே கேட்டனர். சராசரியை விட்டு விலக்கத்தைக் கேட்டனர். ஒருமுறை பிழைத்தால் மறுமுறை வாய்ப்பில்லாத வாழ்வு அப்படித்தான் கேட்கும்.

அல்லாடியின் கணிதம் துகள்களுக்குக் கற்பித்த பாடமும் அதுவே. அதை அறிந்த அறிவியல், உழவனின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை. தன் மொழியிலேயே விடை சொல்லும் வாய்ப்பு அதற்கு இருந்தது.