ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு வைவா

அசைன்மென்டை சாட்ஜிபிடி எழுதித் தந்துடுது. அதனால பழையபடி ஹாலில் உட்கார வெச்சு, பேனாவால எழுத வைக்கலாம்னு பல பல்கலைக்கழகங்கள்ல பேசுறாங்க. கதவைப் பூட்டினா போதுமா? இதுக்குச் சீனாவுக்குத்தான் போகணும். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க சுமார் 1,300 வருஷம் எழுத்துத் தேர்வு நடத்தி, 1905-ல்தான் நிறுத்தினாங்க.

9-ஆம் நூற்றாண்டில் வென் திங்யுன் என்றொரு கவிஞர். கொடுத்த ரைமில் செய்யுள் எழுதணும், அதுதான் அன்றைய கேள்வித்தாள். எட்டு முறை கையைக் கட்டிப் பிரிப்பதற்குள் முடித்துவிடுவாராம். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் எழுதிக் கொடுப்பார். தேர்வாளர் தன் கண்ணெதிரே தனியாக உட்கார வைத்தும், எட்டு பேருக்கு உதவிவிட்டார் என்று ஒரு கதை. மனுஷன் கடைசிவரை பாஸ் ஆகவே இல்லை! அச்சு வார்த்த மாதிரி பதில் கேட்கிற கேள்விக்கு, எழுதித் தர ஆள் எப்பவும் கிடைப்பான்.

அடுத்து வந்த சோங் வம்சத்தில் விதிகள் இறுகின. விடைத்தாளில் பெயரை மறைத்தார்கள். கையெழுத்தை வைத்துக்கூட ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாதென்று குமாஸ்தாக்கள் முழுசாக நகலெடுத்தார்கள். தேர்வாளர் கைக்குப் போவது அந்த நகல்தான். சிபாரிசை ஒழிக்க இது அருமையான ஏற்பாடு. ஆனா, எழுதினவனுக்கு அது புரிஞ்சுதானா என்று பார்க்க வழியே இல்லை.

1057-ல் தலைமைத் தேர்வாளர் ஓயாங் சியூ. அப்போ மாணவர்களிடையே ஒரு ஸ்டைல் ஃபேஷனாக இருந்தது. முறுக்கிய வாக்கியம், புரியாத சொல், உள்ளே சரக்கு கம்மி. அப்படி எழுதினவர்களை ஓயாங் ஒட்டுமொத்தமாக ஃபெயில் செய்தார். ரிசல்ட் வந்ததும் பசங்க தெருவில் அவரை மறித்துத் திட்டினாங்க. என்னைக் கேட்டால், தேர்வு வடிவமைப்பில் அவர் செய்த உருப்படியான வேலை இதுதான். எதற்கு மார்க் கிடையாது என்பதை மாற்றினார்.

அதே தேர்வில் ஒரு கட்டுரை அவரை அசத்தியது. தண்டனையிலும் பரிசிலும் அரசன் காட்டவேண்டிய பெருந்தன்மை பற்றியது. தன் சீடன் செங் கோங் எழுதியதோ என்று நினைத்து, பாரபட்சம் என்ற பேச்சு வரக்கூடாதென இரண்டாம் இடம் கொடுத்தார். எழுதியவர் சூ ஷி. பின்னாளில் சீனாவின் பெரும் கவிஞர், அப்போ வயசு இருபதுதான்.

அந்தக் கட்டுரையில் ஒரு சம்பவம் வரும். பழங்கால நீதிபதி மூன்று முறை 'கொல்' என்கிறார், அரசர் யாவ் மூன்று முறை 'மன்னித்துவிடு' என்கிறார். இது எந்த நூலில் இருக்கிறதென்று ஓயாங்குக்குத் தெரியவில்லை. பிறகு மரியாதைக்காகப் பார்க்க வந்த சூ ஷியிடமே கேட்டாராம். அப்படித்தான் நடந்திருக்கும்னு நானே ஊகிச்சேன் என்று பையன் சொல்லிவிட்டான்.

இல்லாத மேற்கோள்! இன்னிக்கு ஏஐ பண்ற அதே வேலை. காவலும் நகலும் பிடிக்காததை, நேருக்கு நேர் கேட்ட ஒரே கேள்வி பிடித்தது. கூடவே அந்தப் பையன் யோசிக்கத் தெரிந்தவன் என்பதையும் காட்டிவிட்டது.

அப்போ எல்லாருக்கும் வைவா வைக்கலாமே? வைக்கலாம், ஆனா எதிரே ஆள் தெரிஞ்சதும் நகலெடுத்துத் துரத்திய பாரபட்சம் திரும்ப உள்ளே வரும். நேரமும் வேணும். 60 பேர் வகுப்பில் தலைக்கு ஐந்து நிமிஷம் என்றாலே, ஒரு அசைன்மென்டுக்கு 5 மணி நேரம்.