மரணச் சங்கத்துச் சந்தா

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்வில போய் மடுல்கலைக்கு ஏறினால் இருபுறமும் தேயிலை. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அழிக்கும்வரை இந்த மலைகளில் நின்றது கோப்பி. அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு ஆத்திர அவசரத்துக்குப் பணம் தரக்கூடிய ஒரே ஆள், ஆட்களைச் சேர்த்து மேற்பார்த்த பெரிய கங்காணி. வாங்கிய கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறும். அதை அடைக்கிற தோட்டத்துக்குத்தான் ஆள் மாற முடியும். 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சாவு விழுந்தால் செலவுக்கு யாரிடம் போவது என்ற கவலையை எந்தச் சட்டமும் தீர்க்கவில்லை.

அதைத் தோட்டத்து மக்களே தீர்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா, ஒரு தலைவர், ஒரு பொருளாளர், ஒரு கொப்பி: மரண உதவிச் சங்கம் உருவாக இவ்வளவு போதும். பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் மரணாதார சமித்தியும் இதே ஏற்பாடுதான். சாவுச் செய்தி வந்ததும் பணம் குடும்பத்தின் கைக்குப் போய்விடும். பெட்டி, கோடித்துணி, தப்படிப்பவர்களுக்குக் கூலி, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி எல்லாம் அதிலிருந்து. கூடாரமும் கதிரைகளும் பெரிய சட்டிபானைகளும் சங்கத்துச் சொத்து. குழி வெட்ட லயத்து இளைஞர்கள் போவார்கள். கங்காணி கொடுத்த காசுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பது. துக்கத்தில் இருப்பவரின் தலை குனியாமல் காத்தது அதுவே.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் சுமார் ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. வாக்குச்சீட்டு போயிற்று. அரசின் பதிவேட்டில் இல்லாத குடும்பம் சங்கத்துக் கொப்பியில் இருந்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலட்சக்கணக்கானோர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். அவர்களோடு சந்தா கட்டிய குடும்பங்களும் போயின.

மலையக வரலாற்றைத் துரைமாரின் குறிப்புகளிலிருந்தும் அரசாங்க அறிக்கைகளிலிருந்தும் எழுதியே பழகிவிட்டோம். சங்கக் கொப்பிகளும் தோட்டக் கோயில்களின் வரவு செலவுக் கணக்குகளும் தொழிலாளர் தம் கையாலேயே எழுதியவை. அவை கறையானுக்குப் போகுமுன் படியெடுத்து வைக்க வேண்டும். பன்வில பக்கத்துப் பாடசாலைகளின் உயர்தர மாணவர்களே இதைச் செய்யலாம்.

சந்தா சேர்ப்பதும் மாறிவிட்டது. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் இருந்தால் சந்தாவைச் சம்பளத்திலேயே கழித்துவிடலாம். தோட்ட வேலையில் யாரும் இல்லாததால் அதில் பெயர் இல்லாத வீடுகளுக்குப் பொருளாளர் மாதாமாதம் லயம் லயமாக நடக்க வேண்டும்.