ஒரு டாலர் சம்பளக்காரர்

போன வாரம் யேல் பல்கலைக்கழக மைதானத்தில் நின்றிருந்தோம். 1948 ஜூன் மாதம், புற்றுநோயால் உருக்குலைந்து போயிருந்த பேப் ரூத் தன் சுயசரிதையின் பிரதியை யேல் அணித் தலைவனின் கையில் ஒப்படைத்த காட்சி. வாங்கிக்கொண்ட இளைஞன் ஜார்ஜ் புஷ், பிற்பாடு அமெரிக்காவின் 41ஆவது ஜனாதிபதி. அதே மாதக் கடைசியில் அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருந்தேன். இந்த வாரக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இடம், மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ. கல்லூரி பேஸ்பாலுக்குத் தேசிய அளவில் இறுதிப் போட்டி வைக்க ஆரம்பித்து அது இரண்டாவது வருஷம். மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் யேல் 3-1 என்று பின்தங்கியிருந்தது. ஆனால் மூன்று பேஸ்களிலும் யேல் ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவர்கூட அவுட் ஆகவில்லை. அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவன் புஷ். ஓரமாக நின்று மட்டையைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் முறை வரவே இல்லை. ஒரே பந்தில் மூன்று பேர் அவுட், ஆட்டம் முடிந்தது.

கிரிக்கெட்டில் பழகிய நமக்கு ஒரு பந்துக்கு ஒரு விக்கெட்தான் கணக்கு. பேஸ்பாலில் அந்தக் கணக்கு கிடையாது. பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை, பேஸைத் தொட முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்ட யாரையும் அவுட் ஆக்கலாம். மூன்று பேரை ஒரே மூச்சில் வீழ்த்துவது அபூர்வத்திலும் அபூர்வம். அதைச் செய்து காட்டிய அணி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்திருந்த தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம். சுருக்கமாக யு.எஸ்.சி. இரண்டாவது ஆட்டத்தில் யேல் ஜெயித்தது. மூன்றாவதில் யு.எஸ்.சி. 9-2 என்று கோப்பையைத் தூக்கியது. இன்றுவரை அந்தக் கல்லூரி வென்றவை மொத்தம் 12. அடுத்த இடத்தில் இருக்கும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 2025இல் வென்றதையும் சேர்த்தால்கூட அதனிடம் 8தான்.

இந்தப் பன்னிரண்டில் பதினொன்று ஒரே மனிதரின் காலத்தில் வந்தவை. அவர் பெயர் ராட் டீடோ. 1914இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியில் படித்து, யு.எஸ்.சி.யிலேயே ஷார்ட்ஸ்டாப் நிலையில் ஆடியவர். 1935இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார். இரண்டே ஆட்டம், நான்கு முறை மட்டை பிடித்தார், ஒரு ஹிட். அடுத்த வருஷம் சிறிய லீக் ஒன்றில் ஆடும்போது முதுகெலும்பில் அடிபட்டு, ஆட்டக்காரராக அவர் வாழ்க்கை முடிந்துபோனது. இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு அது எப்பேர்ப்பட்ட இடி என்று யோசித்துப் பாருங்கள். டீடோ 500 டாலர் முதலீட்டில் லாரி போக்குவரத்துக் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். டார்ட் என்ற அந்த நிறுவனம் வளர்ந்து பெரிய சரக்குத் தொழிலாகி, அவரைப் பணக்காரராக்கியது.

பயிற்சியாளர் வேலை யுத்தத்தால் வந்தது. 1942இல் யு.எஸ்.சி.யின் பயிற்சியாளர் சாம் பேரி கடற்படைக்குப் போக, தன் இடத்துக்குத் தன் பழைய மாணவர் டீடோவைக் காட்டிவிட்டுப் போனார். யுத்தம் முடிந்து திரும்பியதும் இருவரும் சேர்ந்தே அணியை நடத்தினார்கள். 1948 கோப்பை அந்த ஜோடியுடையது. 1950இல் பேரி இறந்த பிறகு முழுப் பொறுப்பும் டீடோ தலையில். 1986 வரை, 45 பருவங்கள். இதற்கு அவர் வாங்கிய சம்பளம் வருஷத்துக்கு ஒரு டாலர்.

இந்த ஒரு டாலரை வள்ளல்தனம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. சம்பளத்தை நம்பி இருக்கும் பயிற்சியாளருக்கு ஒவ்வொரு தோல்வியும் வேலைக்கு வரும் ஆபத்து. தோற்ற வருஷம் பழைய மாணவர்கள் கூடிப் பேசுவார்கள், நிர்வாகம் முகம் சுளிக்கும். டீடோவுக்கு அந்தப் பயம் ஒருநாளும் இருந்ததில்லை. பெரிய லீக்கிலிருந்து அழைப்புகள் வந்தபோதும் அவர் அசையவில்லை. பயமில்லாத மனிதரின் கீழ் ஆடுகிற பையன்களுக்கும் பயம் போய்விடும். அந்த அணியின் ரகசியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எதிரில் வருபவர் யாராக இருந்தாலும் அவருக்கு ‘டைகர்’தான். பெயர் நினைவில் நிற்காததால் கண்டுபிடித்த உபாயம் என்பார்கள். மாணவனும் டைகர், மந்திரியும் டைகர். ஆனால் மைதானத்தில் கண்டிப்பு கறார். ஒரே தவறை இரண்டு தடவை செய்யாதே என்று எல்லாரும் சொல்வோம். டீடோ பையன்களுக்குச் சொன்னது, ஒரே தவறை ஒரு தடவைகூடச் செய்யாதே. கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் அடுத்தவன் தவறு செய்யும்போதே நீ பார்த்துக் கற்றுக்கொள், உன் முறை வரும்வரை காத்திராதே என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

1970இலிருந்து 1974 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் கோப்பை யு.எஸ்.சி.க்கே போனது. வேறு எந்தக் கல்லூரியும் இதுவரை தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் வென்றதில்லை. 1970 இறுதியில் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தை 15 இன்னிங்ஸ் போராடி 2-1 என்று வென்றார்கள். 1972இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை ஒரே ஒரு ரன்னில், 1-0. இவற்றையெல்லாம் வேகமாகத் தாண்டிப் போகிறேன். நிதானமாகச் சொல்ல வேண்டிய ஆட்டம் 1973இல் இருக்கிறது.

நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹா, ரோசன்பிளாட் ஸ்டேடியம். அரையிறுதியில் எதிரணி மின்னசோட்டா. அவர்களுக்காகப் பந்து வீசியவர் டேவ் வின்ஃபீல்ட், ஆறரை அடி உயரம். அந்த வருஷம் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து என்று மூன்று விளையாட்டுகளின் தொழில்முறை அணிகளும் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தன. அன்றைக்கு அவர் கை மந்திரக் கை. எட்டு இன்னிங்ஸில் 15 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்திருந்தார். யு.எஸ்.சி. அடித்தது ஒரே ஒரு ஹிட், அதுவும் உள்வட்டத்தைத் தாண்டாத ஒன்று. ஸ்கோர் 7-0.

ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதி. மின்னசோட்டாவுக்கு வேண்டியது இன்னும் மூன்றே அவுட்.

இங்கே ஒரு விஷயம். பேஸ்பாலில் ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் கிடையாது, ஓவர் கணக்கும் கிடையாது. ஏழு ரன் முன்னிலை என்று பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த முடியாது. கடைசி மூன்று பேரையும் பந்து வீசித்தான் வெளியேற்ற வேண்டும்.

யு.எஸ்.சி. பையன்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேஸில் ஏற ஆரம்பித்தார்கள். எட்டு இன்னிங்ஸ் வீசிய கை களைத்திருந்தது. பந்து முன்போல் இறங்கவில்லை. மின்னசோட்டா பயிற்சியாளர் டிக் சீபர்ட் வின்ஃபீல்டை எடுத்துவிட்டு வேறு ஆளை வீச வைத்தார். ஆனால் வின்ஃபீல்ட் பெஞ்சுக்குப் போகவில்லை. மட்டை வலிமைக்காக அவரை இடது மூலையில் ஃபீல்டிங் நிறுத்தினார்கள். அங்கிருந்தபடியே அவர் எல்லாவற்றையும் பார்த்தார். தான் எட்டு இன்னிங்ஸ் கட்டிய கோட்டை, கல் கல்லாகப் பெயர்ந்து விழுவதை. ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது ரன் வந்த கணத்தில் ஆட்டம் முடிந்தது, 8-7. மறு ஆட்டத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை 4-3 என்று வென்று யு.எஸ்.சி. நான்காவது தொடர் கோப்பையை எடுத்தது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்றுப்போன வின்ஃபீல்டுக்கே கிடைத்தது. நியாயமான தீர்ப்பு.

அந்த யு.எஸ்.சி. அணியில் ஃபிரெட் லின் இருந்தார். இரண்டே வருஷத்தில், 1975இல், பாஸ்டன் ரெட் சாக்ஸில் சிறந்த புதுமுகம், மிகவும் மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதுகளையும் ஒரே பருவத்தில் வாங்கினார். அதற்குமுன் யாரும் அப்படி வாங்கியதில்லை.

டீடோ கையில் வளர்ந்து பெரிய லீக்குகளுக்குப் போனவர்கள் ஐம்பதுக்கும் மேல். அவர்களில் டாம் சீவரின் கதை தனி. ஃப்ரெஸ்னோ நகரத்துப் பையன். பள்ளி முடித்தபோது யாரும் சீந்தவில்லை. உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில் ஒரு வருஷம் ஆடிவிட்டு யு.எஸ்.சி. கதவைத் தட்டினான். டீடோ உடனே உதவித்தொகை கொடுத்துவிடவில்லை. கோடையில் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரத்து கோல்ட்பேனர்ஸ் அணிக்கு அனுப்பினார். அங்கே ஆடிக் காட்டு, பிறகு பார்க்கலாம். பையன் காட்டினான். 1965இல் யு.எஸ்.சி.க்காக 10 வெற்றி, 2 தோல்வி.

அடுத்த வருஷம் வந்தது சிக்கல். அட்லாண்டா பிரேவ்ஸ் அவனோடு ஒப்பந்தம் போட்டது. ஆனால் அதற்குள் யு.எஸ்.சி.யின் பருவம் தொடங்கிவிட்டதால் ஒப்பந்தம் செல்லாது என்றார் லீக் ஆணையர். சரி, கல்லூரிக்கே திரும்புகிறேன் என்றால், தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவனுக்குக் கல்லூரியில் இடமில்லை என்றது மாணவர் விளையாட்டுச் சங்கம். இரண்டு பக்கமும் கதவு அடைபட்டது. கடைசியில், பிரேவ்ஸ் கொடுத்த தொகையைக் கொடுக்கத் தயாராக இருக்கும் அணிகள் முன்வரலாம் என்று அறிவித்தார்கள். பிலடெல்ஃபியா, கிளீவ்லாந்து, நியூயார்க் மெட்ஸ் ஆகிய மூன்றும் வந்தன. பெயர்களை எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். வந்த சீட்டு மெட்ஸ். தோல்விக்கே பேர்போன அந்த அணி, சீவரை வைத்துக்கொண்டு 1969இல் உலகத் தொடரை வென்றது. அமெரிக்க பேஸ்பாலின் பெரிய அதிசயங்களில் ஒன்றாக இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

பிற்காலத்தில் ஆறடி பத்தங்குல ராண்டி ஜான்சனும் மார்க் மக்வயரும் வந்தார்கள். பந்து வீச வந்த மக்வயர் மட்டைக்கு மாறி 1984இல் 32 ஹோம் ரன் அடித்தார். ஊக்கமருந்து எடுத்துக்கொண்டதை 2010இல் அவரே ஒப்புக்கொண்டது அவருடைய தொழில்முறைக் காலத்துச் சாதனைகள் மேல் கறையாகப் படிந்துவிட்டது. வருத்தமான அத்தியாயம்.

டீடோவின் கண் கல்லூரி வேலிக்குள் நிற்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அமெரிக்க அமெச்சூர் அணியைக் காட்சி ஆட்டத்துக்காகக் கூட்டிப் போனவர் அவர். 1972இல் தொடங்கிய அமெரிக்க-ஜப்பான் கல்லூரித் தொடருக்குப் பின்னாலும் அவர் உழைப்பு உண்டு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் அவர் பயிற்சி தந்த அமெரிக்க அணி, சொந்த ஊரில், டாட்ஜர் ஸ்டேடியத்தில், அதே ஜப்பானிடம் 6-3 என்று இறுதியில் தோற்றது. 1992இல் பார்சிலோனாவில் பேஸ்பால் முழு அந்தஸ்தோடு பதக்க விளையாட்டானது.

1986இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,332 வெற்றிகள். அவருக்குப் பின் வந்த மைக் கில்லெஸ்பி, 1961 கோப்பை அணியில் டீடோவின் கீழ் ஆடியவர். அவர் பயிற்சியில், 1998 இறுதியில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை யு.எஸ்.சி. வென்ற ஸ்கோரைப் பாருங்கள்: 21-14. இதே இரண்டு அணிகள்தான் 1972இல் 1-0 என்று முடித்தன. நடுவில் நடந்தது, 1974இல் கல்லூரி ஆட்டத்தில் அலுமினிய மட்டையை அனுமதித்தது. மரத்தில் பட்டு விழும் பந்து அலுமினியத்தில் பட்டால் பறக்கும். என் மனசு மர மட்டை ஆட்டத்தின் பக்கம்தான் சாய்கிறது.

1998 கோப்பைதான் கடைசி. 2001க்குப் பிறகு பல வருஷங்கள், இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹா பக்கமே யு.எஸ்.சி. போக முடியவில்லை. பல காரணங்கள், பெரியது பணம். 1990களிலிருந்து நீண்ட காலம் ஒரு பேஸ்பால் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைகள்தான் என்று வரம்பு வைத்திருந்தார்கள். அதை முப்பது பையன்களுக்குத் துண்டு துண்டாகப் பங்கு போட வேண்டியிருந்தது. கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியில் கால் பங்கு உதவி கிடைத்தால் மீதியை அப்பா சமாளித்துவிடுவார். யு.எஸ்.சி. போன்ற தனியார் கல்லூரியில் மீதியே மலையளவு. நல்ல பையன்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள்.

டீடோ 2006 ஜனவரியில், 91 வயதில் காலமானார். அடுத்த இரண்டு வருஷத்தில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் வழியாகக் கதை நம் நாட்டுப் பக்கம் திரும்பியது. டாம் ஹவுஸ், 1960களில் யு.எஸ்.சி.க்காகப் பந்து வீசியவர். 1974இல் ஹாங்க் ஆரன் 715ஆவது ஹோம் ரன் அடித்தபோது, பந்து வீச்சாளர்கள் காத்திருக்கும் அடைப்பில் நின்று அந்தப் பந்தைப் பிடித்தவர். 2008இல் அவரிடம் இரண்டு உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல். இருவரும் ஈட்டி எறிபவர்கள். ஒரு போட்டி நிகழ்ச்சியில் வேகமாகப் பந்து எறிந்து ஜெயித்ததால் அமெரிக்கா வந்தவர்கள். அதற்குமுன் பேஸ்பாலைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட இல்லை. யு.எஸ்.சி. வளாகத்தில் ஹவுஸ் அவர்களுக்குக் கால் வைப்பதிலிருந்து சொல்லிக் கொடுத்தார். சில மாதங்களில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரோடும் ஒப்பந்தம் போட்டது. 2014இல் இது ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று படமாக வந்தபோது இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரகுமான்.

2009 ஜூலையில், ஃப்ளோரிடாவின் வெயிலில், ஆரம்பநிலை லீக் ஒன்றில் ரிங்கு சிங் பந்து வீசினார். அந்த மாதமே ஓர் ஆட்டத்தின் வெற்றி அவர் பெயரில் பதிவானது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியரின் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட முதல் வெற்றி அது.

(தொடரும்)