ஒரு படமாளிகையின் சரித்திரம்

சரித்திரம் என்றதும் நம்மவர் மனம் அரசர்களையும் கோட்டைகளையும் நாடிச் செல்வது வழக்கம். அரசர் கட்டியவை கல்வெட்டிலும் ஏட்டிலும் இடம்பெற்றன. பொதுமக்கள் காசு கொடுத்துக் கூட்டங்கூட்டமாகச் சென்று அமர்ந்த இடங்களோ எவராலும் எழுதப்படாமலே மறைந்து போகின்றன. சினிமாக் கொட்டகை அத்தகையதோர் இடம். அதற்கும் ஒரு சரித்திரமா என்று பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கலாம். தென்னிந்தியாவிலே கோயமுத்தூரில் எழுந்த வறைற்றி ஹோல் என்னும் படமாளிகையின் கதையை அவர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

அதனைக் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ற் என்பவர். 1883ஆம் ஆண்டு பிறந்த இவர், திருச்சியில் றெயில்வே உத்தியோகத்தில் இருந்தார். 1905ஆம் ஆண்டு டூப்போன் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், நமது இலங்கையிலே படங் காட்டிவிட்டுத் திருச்சிக்கு வந்து சேர்ந்தார். அங்கே நோய்வாய்ப்பட்ட அவர், தொழிலைக் கைவிட்டுத் தாயகம் திரும்ப எண்ணினார். வின்சென்ற் ஏறத்தாழ 2,000 ரூபா கொடுத்து அவருடைய படக்கருவியையும் பிலிம் சுருள்களையும் வாங்கிக்கொண்டார். அச்சுருள்களில் ஒன்று இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டுவது. நிரந்தரமான உத்தியோகத்தை உதறிவிட்டுக் கூடாரமும் கருவியுமாக ஊர் ஊராகப் புறப்பட்டார் அவர். வடக்கே பேஷாவர் வரையும் கடல் கடந்து இரங்கூன் வரையும் அவருடைய கூடாரம் சென்றது.

கூடாரத்திற்கு மழையும் பகை, காற்றும் பகை. நிலையான ஒரு மண்டபம் இருந்தாலன்றித் தொழில் நிலைக்காது என்பதை உணர்ந்த வின்சென்ற், 1914ஆம் ஆண்டு கோயமுத்தூரில் வறைற்றி ஹோலை எழுப்பினார். அன்று கோயமுத்தூர் இன்று போன்ற பெருநகரன்று. மாவட்டத் தலைப்பட்டணமாய் இருந்த ஒரு சிறிய ஊரே. அதற்கு முந்திய ஆண்டிலேதான் சென்னை மவுண்ட் றோட்டில் எலெக்றிக் தியேட்டர் என்னும் படமாளிகையை வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் தொடங்கியிருந்தார். இவ்விரு மண்டபங்களின் பிற்காலத்தையும் பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

படங் காட்டுவதற்குப் பலத்த ஒளி வேண்டும். அக்காலத்தில் கோயமுத்தூருக்குப் பொது மின்சாரம் வரவில்லை. பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் கிடைக்கத் தொடங்கியது 1932ஆம் ஆண்டிலேதான். ஆகவே வின்சென்ற் தாமே எண்ணெய் யந்திரம் வைத்து மின்சாரம் உண்டாக்கினார். படத்திற்கென்று பிறந்த அந்தச் சக்தி படத்தோடு நிற்கவில்லை. அதைக்கொண்டே அவர் அச்சுக்கூடத்தையும் அரிசி ஆலையையும் நடத்தினார். வேடிக்கை காட்டப் பிறந்த கட்டடம் ஓர் ஊருக்கு யந்திர யுகத்தையே அழைத்து வந்தது என்றால் மிகையாகாது.

ஊமைப் படக் காலத்திலே தென்னிந்தியப் படமாளிகைகள் பலவற்றில் சுருளுக்குச் சுருள் இடைவேளையில் நடனம், மல்யுத்தம், மாயவித்தை முதலியன நடைபெறுவதுண்டு. திரைக்கருகே ஒருவர் நின்று கதையை உரத்த குரலில் விளக்குவார். 1931ஆம் ஆண்டு ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்த் திரை பேசத் தொடங்கியதும் அந்த விளக்குநரின் பிழைப்புப் போயிற்று. படமாளிகைகள் ‘டாக்கீஸ்’ எனப் பெயர் சூடிக்கொண்டன. வின்சென்ற் படங்காட்டியதோடு அமையாது, 1933ஆம் ஆண்டு வெளிவந்த ‘வள்ளி திருமணம்’ என்னும் பேசும் படத்தின் தயாரிப்பிலும் ஈடுபட்டார். கதாநாயகி ரி. பி. ராஜலக்ஷ்மி. இயேசுநாதரின் சரிதத்தோடு தொழில் தொடங்கிய கிறிஸ்தவர் ஒருவர், முருகப்பெருமானின் திருமணத்தைத் திரைக்குக் கொண்டுவந்ததைச் சைவ மக்களாகிய நாம் மகிழ்வோடு நினைவுகூரலாம்.

இவை யாவற்றிலும் மேலான பணி ஒன்று உண்டு. சீட்டு வாங்கியவர் எவராயினும் உள்ளே அமரலாம் என்பதே படமாளிகையின் விதி. தரையோ, வாங்கோ, நாற்காலியோ, அதைத் தீர்மானித்தது கையிலிருந்த காசு, பிறந்த குலமன்று. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலையை நுகர்ந்த முதலிடம் சினிமாக் கொட்டகையே என்று நம்மவராகிய பேராசிரியர் கா. சிவத்தம்பி அவர்கள் எடுத்துக் காட்டியுள்ளார். காசு வகுத்த பிரிவும் பிரிவுதான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தின் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1939ஆம் ஆண்டிலே. வறைற்றி ஹோலின் கதவு திறந்து அப்போது கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. 1968இலும் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்ததை நம் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆலயம் செய்யத் தவறியதை வேடிக்கைக் கூடம் செய்துகாட்டியது. இந்து வாலிபராகிய நாம் வெட்கத்தோடும் துணிவோடும் சிந்திக்கவேண்டிய விடயம் இது.

வின்சென்ற் 1942ஆம் ஆண்டு காலமானார். பின்னாளில் அவருடைய மண்டபம் டிலைற் எனப் பெயர் மாறியது. தொலைக்காட்சியும் வீடியோவும் வீடு தேடி வந்தபின், பழைய படமாளிகைகள் பலவற்றைப் போல் அதுவும் களையிழந்தது. 2020க்குப் பின் இடித்து அகற்றப்பட்டது. சென்னை எலெக்றிக் தியேட்டரோ இரண்டே ஆண்டுகளில் படங் காட்டுவதை நிறுத்தி, 1915ஆம் ஆண்டு தபாற் பகுதியினரின் கைக்கு மாறியது. ஆயினும் அண்ணாசாலைத் தபாலகத்தின் ஒரு பகுதியாக, முத்திரை விற்பனைக் கூடமாக, அக்கட்டடம் நிலைபெற்றது. வேறு பயன் கண்ட கட்டடம் பிழைத்தது. நூறாண்டு படங் காட்டிய கட்டடம் வீழ்ந்தது. கோயமுத்தூரில் இன்று எஞ்சியிருப்பது வறைற்றி ஹோல் றோட் என்னும் தெருப்பெயர் மாத்திரமே.

பெயராவது எஞ்சியது அவ்வூரின் பாக்கியம். நமது நாட்டிலே போரின் கொடுமையாலும் காலத்தின் போக்காலும் மூடுண்டும் சிதைந்தும் போன படமாளிகைகள் எத்தனை! சில களஞ்சியங்களாயின, சில கடைகளாயின. ஆதலின் வாலிப அன்பர்களே, கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் முதியோரை அணுகுங்கள். நம்மூர்க் கொட்டகையை எவர் கட்டினார், முதற்படம் யாது, தரைச்சீட்டு எத்தனை சதம், பெண்கள் எங்கே அமர்ந்தனர், எவரேனும் வாயிலில் தடுக்கப்பட்டனரா என்று கேட்டு எழுதுங்கள். பெரியோரே, பிள்ளைகள் வந்து கேட்கும்போது “அதெல்லாம் பழங்கதை” என்று தட்டிக் கழியாது மனமுவந்து சொல்லுங்கள். உங்கள் நினைவில் உள்ளது ஏட்டில் ஏறாவிடில், அடுத்த தலைமுறைக்குத் தெருப்பெயர்கூட மிஞ்சாது.