காதொலிக் கருவி அணியும் குழந்தைகள்: கேட்டல் வளர்ச்சி மதிப்பீடு

எவ்வளவு மெல்லிய ஒலி குழந்தையின் காதில் விழுகிறது என்பதைக் கேட்புத்திறன் வரைபடம் காட்டும். விழுந்த ஒலியிலிருந்து குழந்தை என்ன புரிந்துகொள்கிறது என்பதைக் காட்டாது. 35 ஆம்-இல்லை கேள்விகள் கொண்ட ‘லிட்டில் இயர்ஸ்’ போன்ற பெற்றோர் வினாப்பட்டியல்களின் தேவை அங்கேதான் எழுகிறது. பெற்றோர் ஆசையில் கூட்டிச் சொல்வார்களே என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் உருவான ‘பீச்’ என்ற பெற்றோர் வினாப்பட்டியலின் நாட்குறிப்பு வடிவம் அபிப்பிராயம் கேட்பதில்லை. அமைதியிலும் இரைச்சலிலும் பெயர் சொல்லி அழைத்தபோது குழந்தை என்ன செய்தது என்று, நடந்ததைக் குறிக்கச் சொல்கிறது. டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை (ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்) இன்னொரு பிடிமானம். வாயை மறைத்துச் சொல்லும்போது, வழக்கமாகக் கேட்கும் ‘ஸ்’ மட்டும் திடீரெனத் தவறினால், பிள்ளையின் கவனத்தைக் குறைசொல்லுமுன் கருவியைச் சோதிப்பதே முறை. இந்த மதிப்பீடுகளை மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட, பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்ட வயதோடு, கருவி மாட்டிய தேதியிலிருந்து கணக்கிட்ட வயதும் வேண்டும்.