பாம்பன் பாலத்தை அரித்த உப்புக்காற்று: இதில் எலக்ட்ரானுக்கு என்ன வேலை?

தங்கச்சிமடம் கடற்கரைப் பக்கம் நிறுத்திய பைக் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். அருகிலுள்ள பாம்பனில் 1914-ல் திறந்த ரயில் பாலத்துக்கும் இதே கதிதான். அரிப்பால் பலவீனமானதால் 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 'எல்லாம் உப்புக்காத்து' என்கிறோம். ஆனால் விஷயம் அணுவுக்குள்ளே தொடங்குதுங்க.

எலக்ட்ரான்கள் எங்கே இருக்கும்?

அணுக்கருவைச் சுற்றி குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்களில் மட்டுமே எலக்ட்ரான்கள் இருக்க முடியும் என்று 1913-ல் நீல்ஸ் போர் விளக்கினார். முதல் மட்டத்தில் அதிகபட்சம் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18.

உப்பு எப்படி உருவாகிறது?

சோடியத்தின் அமைப்பு 2, 8, 1. குளோரினுக்கு 2, 8, 7. சோடியம் கடைசியில் இருக்கும் ஒன்றைக் கொடுத்துவிடும், குளோரின் வாங்கிக்கொள்ளும். இரண்டும் மின்சுமை கொண்ட அயனிகளாகிச் சேர்ந்தால் உப்பு!

இரும்புக்கு என்ன ஆகிறது?

இரும்பு 2, 8, 14, 2. ஈரம் பட்டால் வெளி மட்டத்திலுள்ள 2 எலக்ட்ரான்களையும் இழக்கும். அவற்றை ஆக்சிஜன் எடுத்துக்கொள்ள, துரு உண்டாகிறது. அந்த ஈரத்தில் உப்பு கலந்தால் அதன் அயனிகள் மின்னோட்டத்தைச் சுலபமாக்கும். அதனால்தான் இங்கே இவ்வளவு வேகம்.

தடுக்க முடியுமா?

முடியும். துத்தநாக முலாம் பூசினால், இரும்புக்கு முன்பே துத்தநாகம் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடும். புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்சேன் பூச்சும் உள்ளன. உங்க பைக்குக்கு? அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்க.