ஃப்ரேயாவின் மாலை: ஒரு தெய்வத்தின் பேர் கெட்ட கதை

தோர், லோகி, ஓடின்... இந்த மூணு பேரையும் மார்வெல் படங்கள் வழியா நமக்கு நல்லாவே தெரியும். அவங்க கூட்டத்துல இருக்கிற ஒரு பெண் தெய்வத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம். பெயர் ஃப்ரேயா. பழைய நார்ஸ் மொழியில் 'சீமாட்டி' என்று பொருள்.

இணையத்துல தேடினா 'காதல் தெய்வம்'னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. கூடவே ஒரு கதையும் வரும்: ஒரு தங்க மாலைக்காக நாலு குள்ளர்களோட ஆளுக்கு ஓர் இரவு தங்கினவள்னு. அந்தக் கதைக்கு அப்புறம் வருவோம். முதல்ல அவளோட அடையாளங்களைப் பார்ப்போம்.

1220 வாக்கில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய 'எட்டா' நூலில், ரெண்டு பூனைகள் இழுக்கிற தேரில் போகிறாள் ஃப்ரேயா. தொலைதூரம் போன கணவனைத் தேடி அலைந்து அழுகிறாள். அந்தக் கண்ணீர் செம்பொன். 'செய்த்' என்ற மந்திரக் கலையை ஓடினின் கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான் என்று ஸ்னோரியின் இன்னொரு நூல் சொல்கிறது. முக்கியமான விஷயம் இது: போரில் செத்தவர்களில் பாதிப் பேர்தான் ஓடினுக்கு. மீதிப் பாதியைத் தேர்ந்தெடுப்பது ஃப்ரேயா. காதலும் அவளிடம், சாவும் அவளிடம்!

இப்ப மாலைக்கு வருவோம். அதன் பெயர் பிரிசிங்கமென். 1270 வாக்கில் எழுதப்பட்ட ஒரு ஐஸ்லாந்துச் சுவடியில் பழைய பாடல் ஒன்று இருக்கு. தோரின் சுத்தியலைத் திருடின அரக்கன், "ஃப்ரேயாவை எனக்குக் கட்டிவைங்க, திருப்பித் தர்றேன்" என்கிறான். தோரும் லோகியும் அவளிடம் போய், கல்யாணத்துக்குக் கிளம்பச் சொல்கிறார்கள். அவள் கோபத்தில் விட்ட மூச்சில் மண்டபமே அதிருது, மாலை அறுந்து விழுது. கடைசியில் அதே மாலையைப் போட்டுக்கிட்டு மணப்பெண் வேஷத்தில் போறது யார்? தோர்! இந்தப் பாட்டில் குள்ளர்கள் கிடையாது. 'எட்டா'வும் மாலை அவளுடையது என்று சொல்கிறது.

குள்ளர் கதை எழுத்தில் இருப்பது 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரெண்டு பாதிரியார்கள் எழுதின 'ஃப்ளாட்டெயார்போக்' என்ற சுவடியில். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி ஏறக்குறைய 400 வருஷம் ஆகிவிட்ட காலம் அது. ஒரு கிறிஸ்தவ அரசரின் வரலாற்றுக்குள்ளே இந்தக் கதையைச் சொருகியிருக்காங்க. மாலையைத் திரும்பப் பெற ஃப்ரேயா ஒரு முடிவில்லாத போரை மூட்டிவிடணும். கடைசியில் அதை நிறுத்துவது அந்த அரசரின் ஆள், ஒரு கிறிஸ்தவர். கதை யார் பக்கம்னு புரியுதா?

பழைய பாடல்களில் அவளை யாருமே ஏசலையான்னு கேட்டா, ஏசியிருக்காங்க. ஒரு விருந்தில் லோகி, அங்கே இருக்கிற எல்லாரோடும் படுத்தவள் என்று அவளைத் திட்டுறான். அதுக்கு அவளோட அப்பா நியோர்ட் என்ன சொல்றார் தெரியுமா? புருஷனோட இன்னொருத்தனையும் ஒரு பெண் வச்சுக்கிட்டா அதில் பெரிய குத்தம் ஒண்ணும் இல்லை என்கிறார்.

அதனால, அடுத்த தடவை ஃப்ரேயாவைப் பத்தி ஒரு கதை கேட்டா, அது எந்தச் சுவடியிலிருந்து வருது, அதை எழுதினது யாருன்னு பாருங்க. அறுந்து விழுந்த மாலையும் அவள் கதைதான். அதை மறந்துடாதீங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.